மூலையில் ஒரு பழுப்புப் பாய்

அக்டோபர் 4, 1886
மாடி அறையில் தங்கியிருக்கும் பாரீஸ் ஓவியர் வோக்லேனோடு இன்றும் சண்டை. காலை எட்டு மணி வெளிச்சம் போய்விடுமாம், அடை ஆறினால் ஆறட்டுமாம். "கண்ணுல பட்டதை மட்டும்தான் வரைவேன், மதாம் சொவாசிக். ஒரு அலைகூடக் கூட்ட மாட்டேன்" என்று பெருமை வேறு. தம்பி எர்லே படத்தை எட்டிப் பார்த்து, "கடலா இது? கூழைக் கொட்டின மாதிரி இருக்கு" என்றான். ஓவியருக்குச் சுருக்கென்றது. எனக்குச் சிரிப்பு.

அக்டோபர் 6
எர்லே விடிந்ததும், சிங்கி இறால் பிடிக்கக் கடலில் இறக்கிவைத்த கூடைகளைத் தூக்கப் படகில் தனியாகப் போனான். மதியம் புயல். இன்னும் வரவில்லை.

அக்டோபர் 7
எந்தப் பக்கம் போனான்? யாரும் பார்க்கவில்லை. எனக்குத்தான் ஞாபகம் வந்தது — நேற்று எட்டு மணிக்கு ஓவியர் பாறை முனையில் வரைந்துகொண்டிருந்தாரே! படத்தைக் கீழே கொண்டுவந்தோம். ஊசிப்பாறைக்குத் தெற்கே, மூலையில், பழுப்பாக ஒரு கீற்று. எர்லேயின் படகுப் பாய்.

மூத்த மீனவர் கில்லேம் குனிந்து பார்த்தார். "பாத்ததை மட்டும் போடுற மனுசன். தெக்கேதான்."

ஆறு படகும் தெற்கே போயின. ஓவியர் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 8
தெற்கே ஒரு பலகைகூட இல்லை. நான் என்ன பண்ணுவேன்? அம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நான்தானே வளர்த்தேன்.

பத்து மணிக்கு ஓவியர் துறைக்கே வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "படகு வடக்கே போச்சு. படத்துல அந்த மூலை வெறுமையா இருந்துச்சு, அதான் அங்க தள்ளிப் போட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு."

கில்லேம் கை ஓங்கினார். நான் தடுக்கவில்லை. அவரே கையை இறக்கி, "ஏறுய்யா படகுல. எந்த இடம்னு காட்டு" என்றார்.

அக்டோபர் 9
வடக்குத் திட்டில் கிடந்தான். கால் முறிந்திருக்கிறது. உயிர் இருக்கு. உயிர் இருக்கு.

அக்டோபர் 20
எர்லே உட்கார்ந்து சாப்பிடுகிறான். படகுதான் சுக்குநூறாகிவிட்டது. நாளை ஊருக்குக் கிளம்பும் ஓவியர் படத்தோடு அவன் கட்டிலருகே வந்தார். மூலையிலிருந்த பாயைச் சுரண்டிவிட்டு, வடக்கே, பார்த்த இடத்திலேயே வரைந்திருக்கிறார்.

"இப்போ படம் ஒரு பக்கமாச் சாயுது" என்றார்.

எர்லே படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். "சாஞ்சா சாயட்டும் ஐயா. என் படகு அங்கதான் இருந்துச்சு."