அக்காவின் மோரிஸுக்குப் புது ஆல்டர்னேட்டர்

தாஃபோ, குமாசி
வியாழக்கிழமை

தம்பி சார்போங்குக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்பி உன் அண்ணன் அகென்டென் எழுதுவது. இங்கே நான் நலம். இந்த வருஷம் மழை விடாமல் பெய்து மரவள்ளிக் கிழங்கைக் கெடுத்துவிட்டது. வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டேதான் அந்தக் கிழங்கில் ஃபூஃபூ களி இடிக்கிறார்கள்.

டுஃபி அக்கா இன்னும் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில்தான் இருக்கிறாள். சிறு வயதிலிருந்தே அவளுக்குக் குளிர் ஆகாது. நீ வரும் நாள் தெரியாமல் அடக்கத்துக்கு நாள் குறிக்க முடியாது என்று குடும்பத் தலைவர் பெதியாகோ சொல்லிவிட்டார். அவர் பலமுறை போன் செய்தும் நீ எடுக்கவில்லையாம். நான் போன் செய்தால் நீ கத்துவாய், நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

வண்டி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் அக்காவுடையது என்றாலும் அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நான்தான் என்பது உனக்குத் தெரியும். அக்கா கடைசியாகச் சொன்னது இது: "என் மோரிஸ் எனக்கு முன்னால போகணும். தம்பிங்க ரெண்டு பேரும் அதுல உக்காந்து போகணும். வாடகைக் காரு வெச்சீங்கன்னா எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

பெதியாகோவுக்கு இதில் சம்மதமில்லை. அம்மாவின் அடக்கத்தன்று அந்த வண்டி கெஜெட்டியா சந்தை முன்னால் நின்றுபோனதை அவர் மறக்கவில்லை. பட்டப்பகலில் முன்விளக்கை எரியவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்வலம் போனால் எந்த டைனமோதான் பேட்டரியை நிரப்பும்? வேகமாகச் சுற்றினால்தான் அது கரண்ட் கொடுக்கும். அன்றே சொன்னேன், யார் கேட்டார்கள்? துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் உடுத்தி வந்த ஜனங்கள் அம்மாவை மறந்துவிட்டு வண்டியைத் தள்ளினார்கள். மீன்காரிகள் கைதட்டினார்கள். அத்தனை பேர் நடுவே நீ, "இந்தப் பழைய இரும்ப வித்துத் தொலை. நீயும் அதுவும் ஒண்ணு" என்றாய். டைனமோவில் ஒரு குறையும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பிறகு, டைனமோவுக்குப் பதிலாகப் போடு, மெதுவாக ஓடினாலும் கரண்ட் கொடுக்கும் என்று பர்மிங்ஹாமிலிருந்து நீ அனுப்பிய ஆல்டர்னேட்டர் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நான் கேட்டு நீ அனுப்பவில்லை, ஆகவே பிரிக்கவில்லை. போன வாரம் பிரித்தேன். அக்கா சொன்னதற்காக. உனக்காக இல்லை.

பொருத்தியது நானேதான். பழைய டைனமோ நீளம், இது குட்டை. ஃபேன் பெல்ட் கோணலாக ஓடியது. வாஷர் அடுக்கி நேராக்கினேன். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது என்பதால் மாற்றி நெகட்டிவைச் சேர்த்தேன். பேட்டரிக்குத் தடிமனாகப் புது வயர் இழுத்தேன். ஸ்டார்ட் செய்தால் ஒரு சொட்டு கரண்ட் ஏறவில்லை. செத்த சாமானை அனுப்பிவிட்டாய் என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். அதற்குச் சாட்சி வேண்டுமே என்று சுவாமே பட்டறையிலிருந்து அஃப்ரியே என்ற எலெக்ட்ரீஷியன் பெண்ணை வரவழைத்தேன்.

அவள் வாய் உனக்குத் தெரியாது. ஸ்டியரிங் முன்னால் எட்டிப் பார்த்து, "பெரியவரே, பேட்டரிக்குக் கரண்ட் ஏறலைன்னா எரியுற சிவப்பு விளக்கு இங்க இருக்கணுமே, எங்க?" என்றாள். டைனமோ காலத்தில் வண்டி மெதுவாகப் போகும்போதெல்லாம் அது எரிந்து என் பொறுமையைச் சோதித்தது, பல்பைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்றேன். இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "குறை சொல்ற வாயைத் தச்சுட்டீங்களா! இந்த மிஷினு தானா முழிக்காது. அந்த பல்பு வழியா துளி கரண்ட் போயி எழுப்பணும். உங்க தம்பி நல்ல சாமான்தான் அனுப்பியிருக்காரு. திட்டினத வாபஸ் வாங்குங்க." நான் எதையும் வாபஸ் வாங்கவில்லை. பல்பு வாங்கினேன்.

சாவியைத் திருப்பியதும் அது சிவப்பாக எரிந்தது. என்ஜின் பிடித்ததும் அணைந்தது.

நேற்று உச்சிவெயிலில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, பெதியாகோவைப் பக்கத்தில் உட்காரவைத்து, சந்தை வரை நடை வேகத்தில் ஓட்டினேன். எதிரே வந்தவர்கள் யாரோ செத்துவிட்டார் என்று தொப்பியைக் கழற்றினார்கள். "உயிரோட இருக்கும்போதே என்னை ஊர்வலம் விடுறியேடா" என்று கிழவர் முனகினார். மீன்காரிகள் முன்னால் வேண்டுமென்றே என்ஜினை அணைத்தேன். மறுபடி திருப்பினேன். உடனே பிடித்தது.

இறங்கும்போது அவர் சொன்னார்: "சரி, வண்டி முன்னால போகட்டும். ஆனா தம்பிங்க ரெண்டு பேரும் இருந்தாத்தான். நீ ஒத்தையா உக்காந்து போறதுக்கு வாடகைக் காரே தேவலை."

ஆகவே அக்காவின் சொல் நிற்பதும் நிற்காததும் இப்போது உன் கையில். நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீ கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நம் ஊரில் அடக்கம் சனிக்கிழமையில்தானே; எந்தச் சனிக்கிழமைக்கு வருவாய் என்று மட்டும் பெதியாகோவிடம் சொல். விமான நிலையத்துக்கு நானே வருவேன்.

இன்னொன்று. இத்தனை வருஷத்தில் மோரிஸின் சாவியை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. அக்காவின் ஊர்வலத்தன்று நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன்.

நம் முன்னோர் உன் வழியைக் காத்து, உன்னை வீடு சேர்க்கட்டும்.

உன் அண்ணன்,
அகென்டென்