லோரிக் கையில் போட்ட துளை

செமோர், பேராக்

அன்பு மகன் சுரேனுக்கு உன் அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுப் பிரமிளா டீச்சர் எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மருமகள் ஷாமினியும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்டால், சர்க்கரை ஏறியிருக்கிறது, வலது கண்ணில் பாதிதான் தெரிகிறது, வாய் மட்டும் பழையபடி இருக்கிறது. அந்த வாயால் செய்த வினைக்குத்தான் இந்தக் கடிதம். நான் போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதற்குக் கோபப்பட எனக்கு வாயில்லை என்பதால் டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறேன். ஒரு சொல்லையும் அழகுபடுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு வருசத்தின் நம்பர் தெரியாது, நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். ஊரையெல்லாம் அடைத்துப் போட்ட அந்த நோய் தணிந்து, முகமூடியைக் கழற்றலாம் என்று சொன்ன வருசம். நம் பழைய எஸ்டேட்டில் மிச்சமிருந்த ரப்பர் பால்மரத்தை எல்லாம் சாய்த்து வீட்டு மனை போட்டு, முனியாண்டி கோயிலுக்கு மட்டும் நாலு கார் நிற்கும் அளவு இடம் விட்ட வருசம். உன் அம்மாவுக்கு முதல் திவசம் கொடுத்ததும் அந்த வருசம்தான். அதே வருசம் தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும்போது உன் அண்ணன் தீபன் ஸ்கைலிப்ட் லோரி வாங்கினான். அதுவரை கயிற்றைக் கட்டி மரத்தில் ஏறிக் கிளை கழித்துக்கொண்டிருந்தவன். கரண்டுக் கம்பி ஓரமாக மரம் கழிக்கும் வேலை கிடைத்தது, ஆனால் நீளக் கை நீட்டி ஆளைத் தொட்டியில் வைத்துத் தூக்கும் லோரி இருந்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். நீ அங்கே அதே மாதிரி லோரியில் அதே வேலையைச் செய்கிறவன், அதனால் உன்னைக் கேட்டான். என்னைக் கேட்கவில்லை. கசப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சிம்பாங் பூலாயில் பழைய லோரி விற்கும் சீனத் தவுக்கேயின் இடத்துக்கு மூன்று பேரும் போனோம், நான், தீபன், உன் அண்ணி தினேஸ்வரி. நீ போனுக்குள் இருந்தாய். இரண்டு லோரி நின்றன. ஒன்றுக்கு முழுக்க இரும்புக் கை, நல்ல உயரம் போகும், பெயிண்டு மினுமினுவென்று இருந்தது. மற்றது ஜப்பானிலிருந்து வந்த பழசு, கையின் மேல்பாதி ஃபைபர், உயரமும் கம்மி. எனக்கு இரும்புக் கைதான் பிடித்தது. நீ போனில், பெயிண்டைப் பார்க்காதே என்றாய். கையை முழுசாக நீட்டி வைத்து ஒரு சிகரெட் குடித்து முடிக்கும் நேரம் பார், தானாகத் தாழ்ந்தால் வாங்காதே என்றாய். லோரி சாயாமல் தாங்கும் நாலு காலையும் ஊன்றவிட்டு எண்ணெய் கசிகிறதா பார், கரண்டு சோதனை செய்த காகிதத்தைக் கேட்டு வாங்கு என்றாய். தீபன் போனைத் தூக்கிக்கொண்டு லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். நாற்பது வருசம் மரத்தில் இருந்தவன் நான், எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டு நிழலில் உட்காரச் சொன்னார்கள். நான் இரும்புக் கையைக் காட்டிக் கேட்டதற்குத் தவுக்கே சிரித்தான். "அங்கிள், அது சைன்போர்டு மாட்டத்தான் லா. கரண்டு கம்பிகிட்ட போனா அங்கிள் குச்சியில சுட்ட சத்தே ஆயிருவீங்க" என்றான். தீபனும் சிரித்தான். போனுக்குள் நீயும் சிரித்தாய். நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கிற வியாதி இல்லை.

ஃபைபர் கைதான் வந்தது. தேர்ந்தது சரியான லோரி என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் கை, பிளாஸ்டிக் கை என்று எஸ்டேட்டு ஆட்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசை போட்டது போனில் பார்த்திருப்பாய். பார்க்காததைச் சொல்கிறேன். என் மனசில் ஒரு முள் இருந்தது. இரும்பு இல்லாத இடத்தில் காற்று கருப்பு அண்டும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். மரம் ஏறும் காலத்தில் இடுப்புக் கத்தி இல்லாமல் ஒரு கிளையிலும் கால் வைத்ததில்லை. பிள்ளை ஏறி நிற்கும் தொட்டிக்குக் கீழே ஒரு பொட்டு இரும்பு கிடையாது என்றால் அவனுக்கு யார் காவல்? பூசாரி கனகராஜிடம் போய்ச் சொன்னேன். அவன் முனியாண்டி காலடியில் கிடந்த சின்னச் சூலத்தை எடுத்துத் துடைத்து, இதை மாட்டிவிடுங்கண்ணே, ஒண்ணும் அண்டாது என்றான். கரண்டு ஓடும் கம்பிப் பக்கம் போகிற கையில் இரும்பைக் கொண்டுபோய் மாட்டிய மடையர்கள் இந்தப் பேராக்கிலேயே நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீபன் கோழி வாங்கப் போயிருந்தான். நானும் கனகராஜும் ட்ரில் மெசினை எடுத்தோம். வயரைச் சமையல்கட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தவள் தினேஸ்வரி. அவள் சொன்னாள், "மாமா, கையில ஒண்ணும் துளை போட வேணாம்னு அவரு சொன்னாரே, உங்ககிட்டயும்தான சொன்னாரு." எனக்குச் சொன்னதும் ஞாபகம், நீ சொல்லித் தந்துதான் சொன்னான் என்பதும் ஞாபகம். அந்த எரிச்சலில்தான், "நீ வயரப் புடி" என்றேன். பிடித்தாள். கையின் இந்தப் பக்கம் இரண்டு துளை, அந்தப் பக்கம் இரண்டு துளை, சூலத்தை வைத்து நட்டு போட்டு இறுக்கினேன். தீபன் வந்து பார்த்தான். கோழியைக் கீழே வைத்துவிட்டு நட்டைத் தொட்டுப் பார்த்தான். கழற்றச் சொல்லுவான் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவன், "வுடுங்கப்பா, சாமிதானே" என்று சொல்லி உள்ளே போய்விட்டான். மறுநாள் துளையைச் சுற்றிப் பசை அடைத்தான். ஈப்போ மழைக்குப் பசை எத்தனை நாள் நிற்கும்?

அடுத்த வருசம் கரண்டு சோதனைக்கு ஆள் வந்தார், மலாய்க்காரர், தாழ்வாகப் பேசுகிறவர். சோதனையில் கை தேறவில்லை. சூலத்தைக் கழற்றினார், துளையிலிருந்து அழுக்குத் தண்ணீர் ஒழுகியது. மழை உள்ளே இறங்கி ஃபைபருக்குள் ஊறிவிட்டது, இனி இந்தக் கை ஆகாது, புதுக் கைக்கு ஜப்பானுக்கு எழுத வேண்டும், மாசக் கணக்கில் ஆகும் என்றார். துளையைக் காட்டி, இது யார் செய்த வேலை என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. தீபன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, "ஸாயா" என்றான். நான்தான் என்று சொன்னான், சுரேன். என் எதிரில் நின்று என் தப்பைத் தன் பேரில் வாங்கிக்கொண்டான், நான் வாங்க விட்டேன்.

பிறகு உனக்குத் தெரியும். லோரி வாசலில் நின்றது, கம்பி ஓர வேலை வேறு ஆளுக்குப் போனது, தீபன் மறுபடி கயிற்றை எடுத்தான். சிம்பாங் பூலாய் சாலையில் தூங்குமூஞ்சி மரம், உள்ளே உளுத்த கிளை முறிந்து விழுந்தான், ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நீ பிளைட் பிடித்து வந்தாய். எழவு வீட்டில் அத்தனை சனத்துக்கு நடுவில் நான் உன்னைக் கை நீட்டி, பிளாஸ்டிக் கை லோரியை வாங்கச் சொல்லி என் பிள்ளையை மரத்தில் ஏற்றியவன் இவன்தான் என்றேன். நீ என்னிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கை ஏன் சோதனையில் தேறவில்லை என்று. கேட்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். அது எனக்கு வசதியாகப் போயிற்று. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பேச்சைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. உன் மேல் பழி இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அன்றிலிருந்து தினேஸ்வரி எனக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், மருந்து எடுத்துத் தருகிறாள், மாமா என்று கூப்பிடுவதில்லை. போன வாரம் பாகான் செராயிலிருந்து ஒருவர் லோரியைப் பார்க்க வந்தார். கை ஏன் கெட்டது என்று கேட்டார். நான் வழக்கம்போல, வாங்கும்போதே சொத்தை, தெரியாதவன் பேச்சைக் கேட்டு வாங்கியது என்று ஆரம்பித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அந்த மனுசரிடம், "நல்ல கைண்ணே. எங்க வீட்டு ஆளுங்கதான் துளை போட்டோம்" என்றாள். மாமா போட்டார் என்று சொல்லவில்லை. போட்டோம் என்றாள். அவர் விலையைக் குறைத்தார், அவள் சரி என்றாள். அந்த ஒரு வார்த்தை என் நெஞ்சில் குத்தி நிற்கிறது. வயரைப் பிடித்த குற்றத்தை இத்தனை நாளாக அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள், துளை போட்டவன் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்பதற்கு இதைச் சொல்லவில்லை. எண்பது வயதில் மன்னிப்பை வாங்கி எங்கே வைப்பது. பழியை எடுத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன், அது என்னுடையது. சொந்தக்காரர்களிடமும் தீபன் திவசத்தன்று நானே என் வாயால் சொல்வேன். ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் திவசம், மறக்காதே. நீ வந்தால் வா, வராவிட்டால் அங்கேயே அண்ணன் பேருக்கு ஒரு விளக்கு வை. குளிரில் கை விறைத்தால் தொட்டியில் ஏறாதே. நெஞ்சுக் கயிற்றை ஒரு நாளும் மாட்டாமல் இருக்காதே. அண்ணன் மகள் பாப்பா நன்றாகப் படிக்கிறாள், சித்தப்பா என்று அவள் கேட்டால் பதில் சொல்லு, அவள் உனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. நீயும் ஷாமினியும் நீண்ட ஆயுசோடு, பிள்ளை குட்டியோடு நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் கிழவன் பொய் சொல்கிறான், மனசு இளகி உளறுகிறான் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் விசாரித்துக்கொள். கனகராஜ் சர்க்கரையில் ஒரு காலை வெட்டி எடுத்து, போன தைப்பூசத்துக்கு முன்னால் செத்துப்போனான். தீபன் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவர்களில், என்னை விட்டால், உயிரோடு இருப்பது உன் அண்ணி தினேஸ்வரி ஒருத்திதான்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்கும் உன் அப்பா
வைரக்கண்ணு