முகமூடிக்காரன் யாரென்று தெரிந்துவிட்டது

டாக்டருங்களே, கிடைத்துவிட்டது! இன்று மதியம் சத்தியமங்கலத்திலிருந்து கூரியர் வந்தது. அட்டைப்பெட்டியின் நாடாவை அறுத்ததுமே பழைய அச்சுத்தாளின் அந்த வாசனை, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் புளிப்புமாக, முகத்தில் அடித்தது. நூல் மில்லில் இத்தனை வருடமாகத் தரம் பார்க்கிற நான், ஒரு காமிக்ஸ் புத்தகத்தை முகர்ந்துகொண்டு நின்றேன். நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

குதிரைவீரன் தொடரின் தீபாவளி மலர். நாம் தேடிய அதே மலர். கடைசித் தாளோடு!

நாம் பழக்கமானதே காமிக்ஸால்தான். கடைவாய்ப் பல்வலியோடு சிங்காநல்லூரில் உங்கள் கிளினிக்குக்கு வந்திருந்தேன். நாற்காலியில் சாய்த்து, வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு நீங்கள் ஊசி எடுக்கத் திரும்பினீர்கள். எதிரே கண்ணாடி அலமாரி. பிளாஸ்டர் பல்வரிசைகளுக்குப் பின்னால் வரிசையாகக் காமிக்ஸ்! என் வீட்டில் மூன்று பீரோ நிறைய அதே சரக்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஆனால் வாய் திறந்தபடி கிடக்கிறது. "ஆ, ஆ" என்று கையை நீட்டினேன்.

"வலிக்குதுங்களா?" என்று பதறினீர்கள்.

தலையை ஆட்டி மறுபடி காட்டினேன். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், ஊசியைத் தட்டில் வைத்தீர்கள். "நீங்களும் சேக்கறீங்களா?" அடுத்து காத்திருந்தவர் கதவைத் தட்டும்வரை நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தீர்கள். என் பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

புத்தகத்தின் தரத்தைப் பற்றி அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, கடைசிவரை ஓயவில்லை. புத்தகத்தின் முதுகில் வெடிப்பு இருக்கிறதா, குத்தியிருக்கும் பின் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கியிருக்கிறதா, ஓரத்தைக் கத்தரித்து நேராக்கியிருக்கிறார்களா என்று பார்த்து, நான் நூலுக்குப் போடுவதுபோலத் தரம் போடுவேன். நீங்கள் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை மடிப்புக்குள் விட்டு, விளக்கை அடித்து, என்னைவிட அதிகக் குறை கண்டுபிடிப்பீர்கள். ஆனால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவீர்கள். மூலை மடிந்திருந்தால் எனக்கு அது மதிப்பெண் குறைவு. உங்களுக்கோ, "ஆரோ சோறு திங்கக் கூப்புட்டிருப்பாங்க, அதான் மடிச்சு வெச்சுப்போட்டு ஓடியிருக்காங்க."

எவ்வளவு காரமாகச் சண்டை போட்டாலும் நாம் 'ங்க'வை மட்டும் விட்டதே இல்லை. "நீங்க சொல்றது சுத்தப் பொய்யுங்க" என்று நானும், "உங்களுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுங்க" என்று நீங்களும்.

உங்களிடம் இருந்த தீபாவளி மலரில் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. அறுந்த தொங்குபாலத்தின் மேல் குதிரைவீரன் முகமூடிக்காரனின் கையைப் பிடித்துவிட்டான், இன்னொரு கை முகமூடியை நோக்கிப் போகிறது. அதோடு சரி. வீடு வீடாகத் திருடுகிற அந்த முகமூடிக்காரன் யார்? ஊர் வைத்தியர்தான் என்றேன் நான். அவருக்கு மட்டும்தான் எல்லா வீட்டுக்குள்ளும் போக முடியும். உங்களுக்குக் கோபமே வந்துவிட்டது.

"வைத்தியம் பாக்கறவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க!"

"நீங்க டாக்டருங்கறதால சொல்றீங்க."

"ஆமாங்க, அதுக்கென்ன இப்ப?"

கொடுமுடிக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? அங்கே பாத்திரக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் முழுப் புத்தகம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கிளினிக்கை மூடிவிட்டு வந்தீர்கள். சிங்காநல்லூரில் பஸ் ஏறி, காங்கயத்தில் மாறினோம். எண்ணிப் பார்க்க முடியாத அளவு முறுக்கு தின்றோம். பெரியவர் பித்தளை அண்டாக்களுக்கு நடுவிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டை அப்படியே மின்னியது. முதுகு நேர். பின்னில் லேசான பழுப்பு, அவ்வளவுதான். படபடவென்று கடைசிப் பக்கத்துக்குப் புரட்டினேன்.

கோடு போட்ட நோட்டுத் தாள். பேனா மையில் கையால் வரைந்த படம். முகமூடி கழன்ற இடத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். நீங்கள் பிடுங்கித் திறந்து, கண்ணாடியை வைத்துப் பார்த்தீர்கள். "முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்குதுங்க. அப்ப இந்தப் புள்ளைக்கு ஏழு வயசு இருக்குமுங்களா?"

பெரியவர் அந்தச் சடையை விரலால் தடவினார். பிறகு, "எம்பட தங்கச்சிங்க. அவதான் அந்தத் தாளைக் கிழிச்சுக் கப்பல் உட்டுப்போட்டா. ஆத்திரத்துல அவளையே திருடியா வரைஞ்சு ஒட்டிப்போட்டேன். இப்பக் கரூர்ல பேரன் பேத்தி எடுத்துட்டா. வந்தா இதத்தான் மொதல்ல எடுத்துப் பாப்பா" என்றார். விற்க மாட்டாராம். காட்டத்தான் கூப்பிட்டாராம்!

திரும்பும் பஸ்ஸில் நான் புகைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வீண், மில்லாக இருந்தால் அந்தப் புத்தகத்தைக் கழிவில் தள்ளியிருப்பேன் என்றேன். நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "நான் பாத்ததுலயே ஒசந்த புத்தகம் அதுதானுங்க."

"ஒரு தாள் இல்லைன்னா அது முழுப் புத்தகமே இல்லீங்க."

"ஒரு பல்லு இல்லைன்னா வாயே இல்லைன்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது!"

மிச்சமிருந்த முறுக்கை உங்களுக்குத் தராமல் நானே தின்று தீர்த்தேன்.

போன மாசியில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கி, "கெடச்சுதுங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "கெடைக்கும்" என்றீர்கள். நான் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனேன். மறுநாள் கையில் மாலையோடு உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. அதன்பிறகு பல மாதங்கள் பீரோவையே திறக்கவில்லை.

போன வாரம் சேகரிப்பாளர்களின் வாட்சப் குழுவில் சத்தியமங்கலத்து அம்மா ஒருவர் போட்ட படத்தைப் பார்த்ததும், யோசிக்காமல் முதலில் உங்கள் எண்ணுக்குத்தான் அனுப்பினேன். அனுப்பிய பிறகே உறைத்தது. அந்த அம்மாவிடம் பேசி வாங்கிவிட்டேன்.

இன்று அதைத் திறந்து, அட்டை, முதுகு, பின் எதையும் பார்க்கவில்லை. நேரே கடைசித் தாள்!

வைத்தியர்தானுங்க! தாடி, மூக்குக்கண்ணாடி எல்லாம் அப்படியே! "ஜெயிச்சுட்டேன்!" என்று வீடே அதிரக் கத்தினேன். கத்திவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். தோற்றவரைக் காணோம். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. கொடுமுடிப் பெரியவருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, ஆருன்னு சொல்லிப்போடாதீங்க! எங்களுக்கு எம்பட தங்கச்சியே இருக்கட்டுமுங்க" என்று வைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து வந்தார். உங்களுக்குத் தெரியுமே, இத்தனை வருடத்தில் இதையெல்லாம் 'பேப்பர்க் கட்டு' என்பதைத் தவிர வேறு பெயரால் அவர் சொன்னதில்லை. "என்ன அம்மணி, ஆரு ஜெயிச்சாங்க?" என்றார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஈரக் கை. கழுவிவிட்டு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வைத்தியர் பாவம் அம்மணி. கண்ணப் பாரு. ஆரோ மெரட்டிச் செய்ய வெச்சிருக்காங்க. இவரு திருடரு இல்ல."

"என்னங்க பேசறீங்க? முகமூடியே கழண்டுபோச்சு!"

"முகமூடி கழண்டா ஆச்சா? அவரு எதுக்குச் செஞ்சாருன்னு எங்க போட்டிருக்குது? காட்டு பாக்கலாம்."

காட்ட முடியவில்லை டாக்டருங்களே. எங்குமே போடவில்லை. உங்கள் பக்கத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. சோறு ஆறிக் கிடக்கிறது, அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார், சாட்சி தேடுகிறாராம். நான் விடுவதாயில்லை.