இரு கையாலும் கவண் எறிகிறவர்கள்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று எங்கள் வீட்டு வேதபாடத்தில் இருந்தவர்கள்: பாஸ்டர், ரூபி அக்கா, என் கணவர், நான். ரூபி அக்கா தன் அண்ணன் நடத்தும் சபையை விட்டு, கடந்த மாதம்தான் எங்களிடம் வந்தவர்.

சவுல் ராஜாவின் இனத்தார், இரு கையாலும் கவண் எறியும் வீரர்கள், அவனை விட்டு, அவன் கொல்லத் தேடிய தாவீதிடம் வந்த பகுதியை வாசித்தோம். கெட்டித்தனம் காட்ட வாயைத் திறந்தேன்.

"சொந்தத்தை விட்டிட்டு வாறவையை எப்பிடி நம்புறது?"

"அப்ப என்னையும் நம்பாதேங்கோ, தங்கச்சி" என்று ரூபி அக்கா சிரித்தார். தேத்தண்ணீரைத் தொடாமலே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் மீதியை வாசித்தேன். அந்த இனத்தாரில் இன்னும் சிலர் வந்தபோது தாவீதுக்கும் அதே சந்தேகம். ஆனால் அவன் எதிரே போய் முகத்துக்கு நேரே கேட்டான், சேர்த்தும் கொண்டான். நான் அக்காவோடு வாசல்வரைகூடப் போகவில்லை.

இப்போதுதான் எழுதி அனுப்பினேன்: "அக்கா, நான் கதைச்சது பிழை. வாற வெள்ளியும் வருவியளோ? கெதியாச் சொல்லுங்கோ."