எந்தத் தெரு?

ஜூன் 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட சேலை இரண்டு தடவை மண்ணில். அம்பை வரைக்கும் சாரல் வந்துவிட்டதாம், பால்காரர் சொன்னார். இங்கே புழுதிதான்.

உமாவுக்கு பி.ஏ. வரலாறு. வேறெதுவும் வேண்டாமாம். பாளை காலேஜ் என்றால் தினமும் பஸ். போன வாரம்தான் சாதிச் சண்டையில் பஸ் மேல் கல் விழுந்து ஒரு பிள்ளைக்கு நெற்றி கிழிந்தது. உமாவின் அப்பா ஒரே பிடி: "பஸ்ல போற படிப்பு வேண்டாம்." ஆகவே அம்பைக்கு அங்கிட்டு ஆற்றோரம் இருக்கிற சின்னக் காலேஜ். ஹாஸ்டல் உண்டு. நான் போய்ப் பார்த்துச் சரி என்றால் சேர்ப்பு. இல்லையென்றால் தை மாதம் களக்காட்டு நாத்தனார் மகனோடு கல்யாணம். நாத்தனார் இப்போதே பாத்திரக் கடைக்குப் போய் வருகிறாளாம். அவசரத்தைப் பார்.

பார்க்க வேண்டியவை: கக்கூஸ், தண்ணீர், சுற்றுச்சுவர். வாத்தியார்கள் வகுப்புக்கு வருகிறார்களா. லைப்ரரி திறக்கிறதா, பூட்டுக்குப் பூசைதானா.

செல்வியும் வருகிறாள். உமாவின் கூட்டுக்காரி. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பில் என்னிடம்தான் எழுத்துப் படித்தார்கள். செல்விக்கு மார்க் உமாவைவிட மேல். அவள் அம்மா, நடவுக்குப் போகிறவள், வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "நீங்க கூட்டிட்டுப் போனா எனக்குப் பயமில்ல டீச்சர். ஒங்க பிள்ள கூடயே கெடக்கட்டும்." நானாச்சு என்றேன்.

ஜூன் 12, திங்கள்

போய் வந்தோம். முழங்கால் விண்விண்ணென்று வலி.

காலேஜ் பிடித்துவிட்டது. பொய் சொல்வானேன், ரொம்பவே. ஓட்டுக் கட்டடம், சுற்றிலும் மருத மரம், லைப்ரரி திறந்துதான் கிடந்தது. வரலாற்று வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். வாத்தியார் அவர்களை ஆற்று மண்டபத்துக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டில் மாவு தேய்த்து வாசிக்கவைத்துக் கொண்டிருந்தார். எங்களையும் கூப்பிட்டார். உமா எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டிருக்க, செல்வி ஒரு வரியைக் கடகடவென்று வாசித்துவிட்டாள். அவர் பையன்களைப் பார்த்து, "ஏலே, பாருங்கலே! வந்த அன்னைக்கே வாசிக்கா!" உமா கைதட்டினாள். அவள் முகத்தில் அப்படிச் சந்தோஷம் பார்த்து எவ்வளவு நாளாச்சு. இதுதான் காலேஜ் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிறகு ஹாஸ்டல். வார்டன் நல்ல மாதிரி. காப்பி கொண்டுவரச் சொன்னாள்.

"எந்த ஊரு டீச்சர்?"

"சேரமாதேவி."

"எந்தத் தெரு?"

"மேல ரத வீதி."

தெருவைச் சொன்னால் சாதியைக் கேட்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவள் முகம் மலர்ந்துபோச்சு. "நம்ம பிள்ளைக! ஆத்தப் பாத்த ரூம் ஒண்ணு கெடக்கு, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்." அப்புறம் செல்வியைப் பார்த்து, "ஒனக்கும் அந்தத் தெருதானா?"

செல்வி வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "இவ வாய்க்கால்கரைக் காலனி. நல்லாப் படிக்கிற பிள்ள."

பள்ளிக்கூடத்தில் பேரோடு தெருவையும் சேர்த்துச் சொல்லியே பழக்கம். நாக்கில் தானாக வந்துவிட்டது. என் நாக்கில் கொள்ளியை வைக்க.

"அடடே," என்றாள் வார்டன். "ஒரு எடந்தான் இருக்கு டீச்சர். மறந்துட்டேன். அடுத்த வருசம் பாப்போம்." குரலில் ஒரு கடுமையும் இல்லை. காப்பி இரண்டு டம்ளர் வந்தது, எனக்கும் உமாவுக்கும். நான் கேட்டிருக்கலாம். இப்போதுதானே ரெண்டு பேருக்கும் என்றீர்கள் என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. காப்பியைக் குடித்தேன். உமா தொடவில்லை.

"பரவாயில்ல டீச்சர்," என்றாள் செல்வி. அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

ஜூன் 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் தீர்ந்தது. மத்தியானம் உமா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்:

"நீ ஏம்மா சொன்ன?"

"கேட்டா சொல்லணும்லாட்டி."

"ஒன்னையா கேட்டா?"

எஸ்.டி.டி. பூத்திலிருந்து வரலாற்று வாத்தியாருக்குப் பேசினேன். "ஹாஸ்டல் நம்ம கையில இல்லம்மா. வகுப்புல எடம் இருக்கு, பிள்ள பஸ்ல வந்து போவட்டுமே." எந்த பஸ்ஸில்? நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அதுவும் ஓடவில்லை. பிரின்சிபாலைப் பார்க்கப் போகிறேன் என்றேன் இவரிடம். "ஊரே எரிஞ்சிட்டுக் கெடக்கு, நீ ஊதிவிடப் போறியாக்கும்? நம்ம ஆளுக நடத்துத எடம். நம்ம பிள்ளைக்குத் தோதா இருக்கு. பெறகென்ன?"

தோதாகத்தான் இருக்கிறது.

பிரின்சிபாலைப் பார்க்கப் போகவில்லை.

ஜூன் 16, வெள்ளி

செல்வியின் அம்மா வந்தாள். வாசலோடு. கையில் முருங்கைக்காய். செல்வி சித்தியோடு திருப்பூருக்குப் போகிறாளாம், பனியன் கம்பெனிக்கு. "எடமில்லன்னா நீங்க என்ன செய்விய டீச்சர், பாவம். அம்புட்டு தூரம் அலஞ்சிய." மகள் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முருங்கைக்காயை வாங்கிக்கொண்டேன். சாம்பார். உமா ரசம் மட்டும்.

சாயங்காலம் தானாகவே வந்து, "காலேஜுக்குப் போறேன்," என்றாள். அப்பாடா என்றிருந்தது. கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி.

ஜூன் 19, திங்கள்

தூறல். டிரங்குப் பெட்டி, வாளி, பூட்டு, போர்வை. கொடிக்கயிறு மறதி.

வார்டன் லீவு. ஹாஸ்டல் மேஜையில் வேறொரு அண்ணாச்சி. சர்டிபிகேட் எல்லாம் காலேஜ் ஆபீஸோடு சரி, இங்கே வாய்ப்பேச்சுதான்.

"எந்தத் தெரு பாப்பா?"

"வாய்க்கால்கரைக் காலனி," என்றாள் உமா. கணீரென்று.

பேனா நின்றது. "எடம் இருக்கான்னு பாக்கணுமே," என்றார். உமா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சும்மா நின்றிருந்தால் போதும். நாத்தனார், பாத்திரக் கடை, தை மாதம், எல்லாம் ஒரே நொடியில் வந்து நெஞ்சில் ஏறியது. சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

"வெளையாட்டுக்குச் சொல்லுதா அண்ணாச்சி. மேல ரத வீதி."

"அதான பாத்தேன்!" அவரும் சிரித்தார். "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

ஆற்றைப் பார்த்த அறை. இரண்டு கட்டில். ஒன்று காலி. பெட்டியை நான் தூக்கப் போனேன், விடவில்லை. போர்வையை விரித்தாள். ஜன்னலைச் சாத்தினாள்.

"வாரேன்ட்டி," என்றேன்.

"சரி டீச்சர்," என்றாள்.