சாத்தக் கதவில்லாத கடல்

ஜனவரி 6, 2003. கீழக்கரை

இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது துபாயிலிருந்து மருமகன் போன். மகள் நூர் நிஷா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமி, இந்த மாசம் லீவுல வாரேன். எல்லாரும் இலங்கைக்குப் போறோம். கொழும்புல ஒரு யாட்டு வாடகைக்குப் பேசிட்டேன். நம்ம குடும்பமும் என் கூட்டாளிக ரெண்டு பேரு குடும்பமும் மட்டும்தான். கடல் வழியாவே காலிக் கோட்டையப் போயிப் பாக்குறோம்."

யாட்டு என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். பணக்காரர்கள் உல்லாசமாகப் போகிற பாய்மரப் படகாம். மருமகன் வாவு முகம்மதுக்கு நாலு காசு சேர்ந்ததும் புத்தி கடலுக்குப் போய்விட்டது.

நான் கீழக்கரைக்காரி. எங்கள் தெருமுனையில் கடல். ஆனால் இந்த நாற்பத்தேழு வயது வரை ஒரு சின்ன வத்தைப் படகில்கூடக் கால் வைத்ததில்லை. இந்த ஊரில் கடல் ஆம்பிளைகளுக்கு, வீடு பொம்பளைகளுக்கு. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "போவோம் மாப்ள" என்றார்.

ராமநாதபுரம் போவதற்கே இரண்டு நாள் யோசிக்கிற மனுஷன்.

ஜனவரி 9

அதே ஊருக்கு ஏன்? உலகத்தில் வேறு கோட்டையே இல்லையா?

காலியில் இவருக்கு மாணிக்கக் கல் வியாபாரம். என்னை நிக்காஹ் செய்வதற்கு முன்பே அவர் மாமாவின் கடையில் போய் உட்கார்ந்தவர். வருஷத்துக்கு இரண்டு முறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். எண்பத்தொன்பதில் அங்கே கலவரம் என்று கடையை விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகும் பாக்கி வேலை இருக்கிறது என்று போய்ப் போய் வந்தார். நூர் நிஷா கல்யாணத்தோடு அதுவும் நின்றது. அப்புறம் காலி என்ற பேரை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

சபர் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஆம்பிளைக்கு அக்கரையிலும் ஒரு அடுப்பு எரியும் என்பாள் பக்கத்து வீட்டு மைமூன். அவள் அனுபவித்தவள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் இன்னொரு குடும்பம் இருப்பது தெரிந்து அன்றைக்குத் தெருவே கூடி நின்றது. அவள் அழுதாள். நான் அழுகிற ரகம் இல்லை. எல்லார் முன்னாலும், இவர் முன்னாலும் வைத்துச் சொன்னேன்: "இது எங்க உம்மா எனக்குக் குடுத்த வீடு. எனக்கு இப்பிடி ஒன்னு நடந்துச்சு, கதவச் சாத்தித் தாப்பாப் போட்ருவேன். ஜமாஅத்தே வந்து நின்னாலும் தொறக்க மாட்டேன். வல்லாஹி, அல்லாஹ் மேல ஆணை."

எங்கள் ஊரில் கட்டிக்கொண்டவர்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண் கதவைச் சாத்தினால் அவர் தெருவில்தான் நிற்கவேண்டும். ஏழு வருஷத்துக்கு முந்தி, நூர் நிஷா கல்யாணம் நடந்த வருஷம் சொன்ன சொல். இன்றைக்கும் தெருவில் எவளாவது புருஷனோடு சண்டை போட்டால், "நஸீரா மாதிரி சொல்லிப்புடு" என்கிறார்கள்.

ஜனவரி 12

கடல்தான் பயம் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கடல் பயம்தான். பொய்யில்லை.

ஆனால் காலித் துறையில் எவளாவது வந்து நின்றால்? இருப்பாளோ என்பதுகூட இல்லை என் பயம். இருந்தால் நான் சொன்னதைச் செய்யணுமே! இருபத்தெட்டு வருஷம் கூட இருந்த மனுஷனைத் தெருவில் விட்டுக் கதவைச் சாத்த என் கைக்குத் தெம்பு இருக்கிறதா? செய்யாவிட்டால் இந்தத் தெருவில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடப்பேன்?

போகாமலே இருந்தால் ஒன்றும் தெரியாது. தெரியாமலே இருந்துவிடலாம்.

ஜனவரி 15

முட்டு வலி என்று சொல்லிப் பார்த்தேன். நூர் நிஷா தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

ஜனவரி 21

இவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். இரண்டு. தாடிக்கு மருதாணி போட்டிருக்கிறார். அறுபது வயசுக்கு.

"யாருக்குக் காட்ட?" என்று கேட்டேன்.

"கோட்டைக்கு" என்றார். சிரிக்கவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். வெளிறிக் கிடந்தது. எனக்குத்தான் பயம் என்றால் இவருக்கு என்ன கேடு?

ஜனவரி 25

மருமகன் வந்துவிட்டார். தொதல் அல்வா கிண்டி டப்பாவில் அடைத்தேன். மகளும் மருமகனும் மாடியில் குசுகுசுவென்று பேசுகிறார்கள், நான் ஏறினால் நிறுத்திக்கொள்கிறார்கள். என்னமோ இருக்கிறது. கேட்க நாக்கு எழவில்லை. எனக்கு! நாக்கு எழவில்லை!

ஜனவரி 28. கொழும்பு

திருச்சியில் ஏறி இங்கே இறங்கியாயிற்று. விமானத்தில் பயமே தெரியவில்லை. கீழே கடல் நீலமாக, சாதுவாகக் கிடந்தது.

சாயந்தரம் படகைக் காட்டினார்கள். வெள்ளை வெளேரென்று, நீளமாக இருக்கிறது. கீழே சின்னச் சின்ன அறைகள், மெத்தைகள், சமைக்க ஒரு மூலை. ஓட்டுகிறவர் சிங்களவர், நல்ல சிரிப்பு. "பாதுகாப்பு மாமி, பாதுகாப்பு" என்கிறார் மருமகன். நான் பார்த்தது ஒன்றைத்தான். மேல்தட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஒரே ஒரு கயிறு.

ஜனவரி 29. காலி

விடியற்காலை சுபுஹு தொழுது ஏறினோம். இப்போது கோட்டைக்குள் ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டில் இன்னும் ஆடுகிற மாதிரி இருக்கிறது. எழுத்து எனக்கே புரியவில்லை. ஆனாலும் எழுதிவிடணும்.

காலையில் கடல் பரவாயில்லை. பிள்ளைகள் கத்திக் கும்மாளம். நான் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்து, தெரிந்த துஆ எல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கடற்படைப் படகு ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. சண்டை நின்று ஒரு வருஷம் ஆகிறது, ஆனாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே. பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார்கள். எங்கள் தமிழைக் கேட்டு மறுபடியும் பார்த்தார்கள். அப்புறம் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு இதோடு பயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மதியம் லுஹருக்குப் பிறகு காற்று ஏறியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. எனக்குக் குமட்டல். மருமகன் எல்லாரையும் முன்பக்கம் கூட்டிப்போனார். நூர் நிஷா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நஸீரா, ஒன்னு சொல்லணும்."

எனக்குத் தெரிந்துவிட்டது. வேணாம், சொல்லாதீங்க என்று வாய் வரை வந்தது.

"காலியில ஜெய்னம்புன்னு ஒருத்தி இருக்கா. என் பொஞ்சாதி."

"எத்தன வருசமா?"

"முப்பத்து மூணு."

எனக்குக் கணக்கு உடனே ஓடவில்லை. ஓடியதும் கேட்டேன். "நமக்கு நிக்காஹ் ஆயி இருபத்தெட்டுதான?"

"ஆமா. அவதான் மூத்தவ. ஊருக்கு வந்தப்ப வாப்பா ஒன்ன முடிச்சு வச்சாக. சொல்லத் தைரியம் வரல."

யா அல்லாஹ். எவளோ ஒருத்தி எனக்குப் பின்னால் வந்துவிட்டாளோ என்று இத்தனை காலம் செத்துச் செத்துப் பிழைத்தேனே, பின்னால் வந்தவள் நான்தானா?

"இத்தன வருசம் சொல்லாம, இந்த நடுக்கடல்ல வந்தா சொல்லுவீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "வீட்டுல சொன்னா கதவச் சாத்திப்புடுவ. நீ வல்லாஹின்னு சொன்ன நாள்லருந்து நான் இங்க வரவே இல்ல புள்ள. பயம். அவளுக்கு இப்பக் கண்ணு தெரியல, பார்க்க ஆளில்லைன்னு சேதி வந்துச்சு. மகட்ட சொன்னேன், மாப்பிள்ளைட்ட சொன்னேன். அவுகதான் இந்த யோசனை சொன்னாக. இங்கன சாத்துறதுக்குக் கதவு இல்லையே."

அப்போ மருமகனின் உல்லாசம், கோட்டை, கூட்டாளிகள், எல்லாம் இதுக்குத்தானா? என்னைக் கொண்டுவந்து தண்ணிக்கு நடுவில் உட்கார வைத்துச் சொல்றதுக்கா! அத்தனை பேரும் கூட்டா!

அவர் கன்னத்தில் ஒன்று விடணும் என்று கை துறுதுறுத்தது. கயிற்றை விட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை. படகு சரிந்தது, நான் சறுக்கினேன். பிடிக்க அவர் கையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அந்தக் கையைத்தான் பிடித்தேன், துறை வரும் வரை. நகம் பதிந்து அவருக்கு ரத்தமே வந்துவிட்டது. வரட்டும்.

ஜனவரி 30. காலி

மற்றவர்கள் கோட்டைச் சுவரில் ஏறிப் படம் எடுக்கப் போனார்கள். நான், இவர், நூர் நிஷா மூன்று பேரும் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்தோம். என்ன சொல்வாள்? திட்டுவாளா? என் புருஷனை எடுத்துக்கொண்டவளே என்று தெருவில் நின்று கத்துவாளா? நான் அவள் இடத்தில் இருந்தால் கத்துவேன்.

தாழ்ந்த ஓட்டு வீடு. வாசலிலேயே ஒரு பெண் நாற்காலியில். ஒல்லி, முழு நரை. இவர் இருமினார். அந்த முகம் சட்டென்று திரும்பியது.

"வந்தீங்களா?" அவ்வளவுதான். அப்புறம், "கூட ஆரு?"

இவர் என் பின்னால் ஒதுங்கினார். கோழை. நான்தான் சொன்னேன். "நான் நஸீரா."

ஜெய்னம்பு எழுந்து, சுவரைத் தடவி என் பக்கம் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். என் கையைப் பிடித்தாள்.

"ஓம், கீழக்கரைப் புள்ளையா? வாங்க, இரிங்க. உங்கட பேரைக் கேட்டாலே எனக்குப் பயம். அவரை விடமாட்டீங்களாம், கதவை அடைச்சிருவீங்களாம் என்டு போன்ல சொல்லுவாரு."

நூர் நிஷா பக்கத்தில் போய், "பெரியம்மா" என்றாள். அந்தப் பெண் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஜெய்னம்புக்குப் பிள்ளை இல்லையாம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன்.

காலிக் கோட்டை எப்படி இருந்தது என்று ஊரில் கேட்பார்கள். என்ன சொல்ல? நான் ஒரு சந்தும் ஒரு சுவரும்தான் பார்த்தேன்.

பிப்ரவரி 2. கீழக்கரை

வேனிலிருந்து இறங்கியதும் நான் முதலில் உள்ளே போனேன். இவர் பெட்டியோடு தெருவில் நின்றார். ஏறவில்லை. எதிர் வீட்டு ஜன்னலில் தலைகள். மைமூன் வாசலில். கதவில் கை வைத்தபடி நின்றேன்.

"என்ன, பல்லக்கு அனுப்பணுமா? பெட்டிய உள்ள கொண்டாங்க" என்றேன்.

பிப்ரவரி 4

அவரோடு பேசவில்லை. மகளோடும் பேசவில்லை. மூன்று நாளைக்கு மேல் முகம் கொடுக்காமல் இருப்பது ஹராம். நாளை சாயந்தரம் மஃரிபுக்குப் பிறகு பேசுவேன். பேசுவதற்கு நிறைய வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 5

பேசினேன். தெருமுனை வரை கேட்டிருக்கும். கடைசியாக, "ஒரு பொம்பளக்கிக் கண்ணு போற வரைக்கும் எட்டிப் பாக்காம இருந்திருக்கீகளே, நீங்க மனுசனா?" என்றேன். "நீ கதவ..." என்று ஆரம்பித்தார். "கதவாம் கதவு! மரக் கதவுக்குப் பயந்தீக, அல்லாஹ்வுக்குப் பயப்படல" என்றேன். அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பயமாகப் போய்விட்டது.

பிப்ரவரி 16

பெருநாள் போயிற்று. சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைகளுக்குச் சோறு போடணும். ஆக்கினேன். நெய்ச்சோறு, கறி. ஒருநாளும் இல்லாத திருநாளாக நஸீரா பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் தெரு சும்மா இருக்குமா? என்ன விசேஷம் என்று மைமூன் வந்தாள்.

"ஒரு சத்தியம் முறிஞ்சிருச்சு" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

என்ன சத்தியம் என்று அவள் கேட்கவில்லை. அரிவாள்மணையை இழுத்துப் போட்டு வெங்காயம் அரிய உட்கார்ந்துவிட்டாள். அரிந்துகொண்டே, "காலியில ஆளு இருக்கிறது ஊருக்கே தெரியும் நஸீரா. ஒன் வாய்க்குப் பயந்து எவளும் சொல்லல" என்றாள்.

ஏப்ரல் 19

ஜெய்னம்புக்கு இரண்டு கண்ணிலும் புரையாம், முற்றிவிட்டதாம். மதுரையில் அறுத்தால் பார்வை வரும் என்கிறார்கள். கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. வந்து இங்கேயே இருந்துவிட்டால்? ஒரு கூரைக்குக் கீழே இரண்டு பேர் எப்படி? கண் தெரிந்ததும் என்னைப் பார்த்து, இவளுக்காகவா என்று நினைத்தால்?

மே 20

நாளை வருகிறாள். பயமாக இருக்கிறது.

ஜூலை 27

ஜெய்னம்புவை இப்போது ராத்தா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ராத்தாவுக்கு இரண்டாவது கண்ணிலும் கட்டு அவிழ்த்து ஒரு வாரம் ஆகிறது. இன்றைக்கு அரிசியில் கல் பொறுக்கினாள். என் கண்ணில் படாத கல் எல்லாம் அவள் கண்ணில் பட்டது.

இவர் தூங்கும்போது "வாப்பா, வாப்பா" என்று புலம்புவதைச் சொன்னேன். "ஓம், அதோட காலால உதைப்பாருமே" என்றாள். கரண்டு பில் கட்டப் போய் நாலு பேரிடம் கதை பேசி, கட்டாமலே வந்ததைச் சொன்னேன். தண்ணி பில் கட்டப் போய் அங்கேயும் அப்படித்தானாம். இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷனைப் பற்றி நான் சொன்னால், தெருக்காரர்கள் உங்க ஹாஜியார் அப்படியா, நம்பவே முடியலையே என்பார்கள். ஆமாம் ஆமாம் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறது. இரண்டு பேரும் சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

இவர் வாசலில் வந்து நின்று, எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பயந்த மாதிரிதான் இருந்தார்.

"ரிட்டன் டிக்கெட்டு எந்தத் தேதிக்குப் போடச் சொல்ல? விசா அடுத்த மாசம் முடியுதே" என்றார்.

ராத்தா குனிந்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த மாதமா?

"இப்ப அதுக்கு என்ன அவசரம்? போயி மீன் வாங்கிட்டு வாங்க" என்று அவரை விரட்டினேன். அவர் தெரு திரும்பியதும் நூர் நிஷாவைக் கூப்பிட்டு, துபாய்க்குப் போன் போடச் சொன்னேன். விசாவை நீட்டுவதற்கு யாரைப் பார்க்கணும் என்று மருமகனிடம் கேட்க.