குழாயில் நின்ற கரண்ட்

12.10.1994, புதன்

ஹாம் ரேடியோவின் எர்த் ஒயரைச் சமையலறைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தேன். போன வாரம் மண்ணுக்குள் இருந்த இரும்புக் குழாயைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். எர்த்தும் அதோடு போனது இந்த மேதைக்கு உறைக்கவில்லை.

இன்று அந்த ரேடியோவில் கொழும்பு நண்பரோடு வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தபோது மனைவி வந்தாள்.

"ஏனுங்க, குழாயத் தொட்டாச் சுருக்குங்குதுங்க."

"உன்ற கைல பவரு ஜாஸ்தி அம்மணி."

"நீங்களே வந்து தொட்டுப் பாருங்க, தெரியும்."

பேச்சை முடித்துவிட்டுத்தான் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. ரேடியோவில் கசிந்த கரண்ட், இறங்க மண்ணில்லாமல் குழாயிலேயே நின்றிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினேன். காலையில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த் இறக்க வேண்டும்.

உயிரே போயிருக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. தூங்குகிறவளுக்கு மூச்சு வருகிறதா என்று இப்போதுதான் குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "நா இன்னும் சாகலீங்க, படுங்க" என்றாள்.